காலியான நாற்காலியா?

2022 செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனை வென்று உலகின் முதலிடத்தைப் பிடித்தபோது ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸுக்கு வயது 19. 1973-இல் ஆடவர் டென்னிஸ் தரவரிசை தொடங்கியதிலிருந்து இத்தனை இளவயதில் யாரும் அங்கே அமர்ந்ததில்லை. கோவிட் தடுப்பூசி போடாத ஜோகோவிச் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாததால் கிடைத்த நாற்காலிதானே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அந்த ஆண்டு ஜோகோவிச் வென்ற விம்பிள்டனுக்குத் தரவரிசைப் புள்ளிகளே இல்லை என்பதால் அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனால் அதே ஆண்டு மே மாதம், மாட்ரிட் களிமண் தரையில், ஒரு நாள் நடாலையும் மறுநாள் ஜோகோவிச்சையும் சாய்த்தவர் இவர். 2023 விம்பிள்டன் இறுதியில் முதல் செட்டை 1-6 என்று பறிகொடுத்த பிறகும் அதே ஜோகோவிச்சை ஐந்து செட்டில் வென்றார்.

எல்லாம் இளமையின் வேகம் என்பதும் பாதி உண்மைதான். மறுபாதி தந்திரம்: மட்டையை ஓங்குவார், பேரடிக்குத் தயாராக எதிராளி பின்கோட்டுக்கும் பின்னால் நகர்வார், கடைசி நொடியில் பிடி தளர்ந்து, பந்து வலையைத் தாண்டியதும் பொத்தென்று விழும். சில வேளை வலையிலேயே சிக்கிப் புள்ளி போகும். அடுத்த முறையும் அதையேதான் ஆடுவார்!