சொல்லாமல் நடந்த 55 கிலோமீற்றர்

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள வேர்திங் என்ற ஊரிலிருந்து நானும் மகளும் 80 கிலோமீற்றர் நடக்கப் புறப்பட்டோம். ஈஸ்ட்போர்ன் கடற்கரையில் முடிகிற போட்டி. ஓடுகிறவர்கள் ஓடலாம், நடக்கிறவர்கள் நடக்கலாம். கொடுத்த நேரம் 20 மணித்தியாலம். அவள் முடித்தாள். நான் 55ஆவது கிலோமீற்றரில் நின்றுவிட்டேன்.

தோற்ற கதையை ஏன் எழுதுகிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். தோற்றதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த 55 கிலோமீற்றரும் நான் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு நடந்தேன். அதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எனக்கு வயது 47. ஒரு பெற்றோல் செட்டில் முகாமையாளராக வேலை. பாதி நாள் இரவு வேலை. சாப்பாடு நேரம் கெட்ட நேரத்தில்தான். இரண்டு வருடத்துக்கு முன்னர் இரத்தப் பரிசோதனை செய்த வைத்தியர், "சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடக்கத் தொடங்குங்கள்" என்றார். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. வெள்ளையரோடு ஒப்பிட்டால் தெற்காசியருக்கு நீரிழிவு இளம் வயதிலும் குறைந்த எடையிலும் வந்துவிடுகிறது. வீட்டில் இதைச் சொன்னபோது மகள்தான் கேட்டாள், "அப்பா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நீண்ட நடை செய்வமா?"

பதினாலு வயதுக்குப் பிறகு என் மகள் என்னோடு சேர்ந்து ஒன்றைச் செய்யக் கேட்டது அதுதான் முதல் தடவை. பல்கலைக்கழகத்தில் மருந்தாளர் படிப்பு, நண்பர்கள், அவளுக்கென்று ஒரு உலகம். நான் உடனே "ஓம்" என்றேன். எவ்வளவு தூரம் என்று பிறகுதான் கேட்டேன்.

அவள் 16 கிழமைக்கு ஒரு பயிற்சி அட்டவணை போட்டாள். கிழமை நாட்களில் சிறிய நடை, சனி அல்லது ஞாயிறில் ஒரு நீண்ட நடை. 10 கிலோமீற்றரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசி மாதத்தில் 45 வரை போக வேண்டும். மூட்டும் தசைநாரும் நெஞ்சுக்கூட்டைவிட மெதுவாகத்தான் பழகும், அதனால்தான் அவசரப்படக் கூடாது என்று விளக்கினாள். அவள் அதை அப்படியே செய்தாள். நான் செய்த நீண்ட நடை நாலே நாலு. ஆகக் கூடியது 22 கிலோமீற்றர். மற்றக் கிழமைகளில் வேலைக்கு ஆள் வரவில்லை, கலியாண வீடு, அந்தியேட்டி என்று ஏதோ ஒன்று.

ஏப்ரலில் கடையில் ஒரு பெட்டியை இறக்கும்போது வலது முழங்கால் திரும்பியது. இரண்டு நாள் வீங்கி, பிறகு வற்றியது. சமதரையில் நடந்தால் ஒன்றும் தெரியாது. படியிறங்கினால் உள்ளுக்குள் ஊசி குத்தும். நான் வைத்தியரிடம் போகவில்லை. மகளிடமும் மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் போட்டியை விட்டுவிடுவாள். அல்லது வேறு யாரோடாவது போவாள். இரண்டையும் நான் விரும்பவில்லை. "சமாளிக்கலாம்" என்று நினைத்தேன். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதானே.

நாங்கள் நடந்த பாதையின் பெயர் சவுத் டவுன்ஸ் வே. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை மொத்தம் 160 கிலோமீற்றர். அதன் கிழக்குப் பாதியைத்தான் நாங்கள் பிடித்தோம். சுண்ணாம்புக் குன்றுகள். எங்கும் பச்சைப் புல், செம்மறி ஆடுகள், ஒரு பக்கம் கடல். பெரிய மலை என்று எதுவும் இல்லை. எங்கள் வழியில் ஆக உயரமான டிச்லிங் பீக்கன் கூட 248 மீற்றர்தான். ஆனால் ஆறுகள் இந்தக் குன்றுகளை ஊடறுத்துக் கடலுக்குப் போகின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும். ஏறுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஏற்றத்தில் மூச்சுத்தான் வாங்கும். இறக்கத்தில் தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் பிரேக் பிடிக்க வேண்டும், உடம்பின் எடையைப் போலப் பல மடங்கு பாரம் முழங்காலில் விழும். கீழே கிடப்பதோ கூரான தீக்கற்கள்.

18ஆவது கிலோமீற்றரில் ஏடர் ஆற்றங்கரையில் முதல் வலி வந்தது. 27இல் நொண்டத் தொடங்கிவிட்டேன். மகள் முன்னால் போகும்போது நொண்டுவேன், அவள் திரும்பிப் பார்த்தால் நிமிர்ந்து நடப்பேன். அவள் காணாத நேரம் பார்த்து ஐபுபுரோஃபென் குளிசை போட்டேன்.

ஜாக், ஜில் என்று பெயர் வைத்த இரண்டு பழைய காற்றாலைகளைத் தாண்டும்போது அவள், "அப்பா, ஓகேயா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றுவதற்காகக் குன்றின் தெற்குச் சரிவைக் காட்டினேன். அங்கே சத்ரி என்று ஒரு வெள்ளைப் பளிங்கு மண்டபம் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கப்பலில் பிரைட்டனுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்த அரச மாளிகையையே மருத்துவமனையாக்கி வைத்தியம் பார்த்தார்கள். இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை இந்தக் குன்றில்தான் தகனம் செய்தார்கள். 1921 பெப்ரவரியில் அந்த இடத்தில் மண்டபத்தைத் திறந்தார்கள். கதையை ஆர்வமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். நானும் என் காலைப் பற்றிய கேள்வியிலிருந்து தப்பினேன்.

டிச்லிங்கிலிருந்து இறங்கும்போது தப்ப முடியவில்லை. நேராகக் கால் வைக்க முடியாமல் நண்டு போலப் பக்கவாட்டில் இறங்கினேன். அவள் கீழே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. 43ஆவது கிலோமீற்றர் தரிப்பிடத்தில் தண்ணீர் நிரப்பும்போது என் பையிலிருந்து குளிசை மட்டை விழுந்தது.

"எத்தனை போட்டனீங்கள்?"

"ஒண்டு."

மட்டையை எடுத்து எண்ணினாள். நாலு இடம் வெறுமையாக இருந்தது.

"அப்பா, வெயிலுக்குள்ள பத்து மணித்தியாலம் நடந்து உடம்பில தண்ணி குறைஞ்சு போயிருக்கு. இதுக்கு மேல இந்தக் குளிசை போட்டா கிட்னிக்குத்தான் அடி. உங்களுக்கு சுகர் வேற. இது எனக்கு முதலாம் வருசத்திலயே படிப்பிச்சது."

இனிமேல் போடுவதில்லை என்று சொன்னேன். குளிசை வேகம் விட்டதும் உண்மையான வலி தெரிந்தது. வலது காலைக் காப்பாற்றி நடந்ததில் இடது இடுப்பும் பிடித்துக்கொண்டது. அடுத்த 12 கிலோமீற்றருக்கு எங்களுக்கு நாலு மணித்தியாலம் எடுத்தது. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைக் கடந்து போனார்கள். அவள் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

இரவு ஒன்பது மணியாகும்போது ஊஸ் ஆற்றைக் கடந்து சவுத்தீஸ் என்ற சிறிய இடத்துக்கு வந்தோம். பாதை அங்கே ஒரு ரயில் நிலையத்தைக் குறுக்கறுத்துப் போகிறது. இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் ஒரு கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினேன். முழங்கால் பணிஸ் போல வீங்கியிருந்தது.

"இது எப்ப இருந்து?" என்று கேட்டாள்.

"ஏப்ரலில இருந்து."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தப்பியிருப்பேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கணக்கைச் சொன்னாள். மிச்சம் 25 கிலோமீற்றர். என் வேகம் மணிக்கு மூன்று. அப்படியென்றால் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். இருப்பது ஐந்து மணித்தியாலம். "நீங்க வந்தா ரெண்டு பேரும் முடிக்கேலாது. நீங்க நிக்கச் சொன்னா நானும் நிக்கிறன். எனக்கு அது பிரச்சினை இல்லை. ஆனா பொய் சொல்லாதேங்கோ."

அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் எனக்கு அம்மாவின் கால் நினைவுக்கு வந்தது.

1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொன்ன இரவு. எனக்கு அப்போது பதினேழு வயது. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே வீதியில், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி. சைக்கிளை உருட்ட இடமில்லை. ஒரு அடி வைக்கச் சில நேரம் பத்து நிமிடம். சாவகச்சேரிக்குப் பஸ்ஸில் போனால் அரை மணித்தியாலம், அன்றைக்கு இரவு முழுவதும் போய் அடுத்த நாளும் ஆனது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்தபோது அம்மா செருப்பைக் கழற்றினார். உள்ளங்காலில் போத்தல் ஓடு கிழித்த காயம். சீலைக் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அது கறுத்துப் போயிருந்தது. எங்கே வெட்டியது என்று கேட்டேன். கைதடிக்கு முன்னமே என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா என்ன செய்வாய்? நிண்டிருப்பாய்" என்றார்.

அது சரியான பதில். அந்த வீதியில் நிற்க இடமில்லை. நின்றிருந்தால் தம்பி தங்கச்சியைத் தவறவிட்டிருப்போம். அம்மா மறைத்த வலி எங்களைக் கரை சேர்த்தது.

ஆனால் சவுத்தீஸில் எனக்கு நிற்க இடமிருந்தது. கதிரை இருந்தது. முதலுதவிக்கு ஆள் இருந்தது. நின்றவர்களை ஏற்றிப்போக ஒரு வான் தயாராக நின்றது. பக்கத்தில் ரயில் நிலையம். நான் மறைத்த வலி யாரையும் காப்பாற்றவில்லை. என் மகளின் 16 கிழமைப் பயிற்சியை மட்டும் கெடுக்கப் பார்த்தது.

"நீ போ பிள்ளை. நான் வானில வந்து ஈஸ்ட்போர்னில நிக்கிறன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இதுவும் பொய்யோ என்று பார்த்திருப்பாள். பிறகு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, அப்போது புறப்பட்ட இரண்டு பெண்களோடு சேர்ந்து அடுத்த குன்றில் ஏறினாள். என்னோடு நடந்தபோது இல்லாத வேகம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தது சந்தோசமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

என் இலக்கத்தை வாங்கிய தன்னார்வலர், பெயருக்கு நேரே மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதினார். டி.என்.எஃப். முடிக்கவில்லை என்று அர்த்தம். "நல்ல முடிவு" என்று சொல்லித் தேத்தண்ணி தந்தார்.

அதிகாலை 1.40க்கு மகள் ஈஸ்ட்போர்ன் வந்து சேர்ந்தாள். 20 நிமிடம் மிச்சம். பதக்கத்தைக் கழுத்தில் போட்டதும் நேரே என் பக்கத்தில் வந்து நிலத்தில் இருந்தாள். சப்பாத்தையும் மேசையும் கழற்றினாள். "பாருங்கோ அப்பா" என்று கொப்புளங்களைக் காட்டினாள். இடது கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. "இதுதான் சரியா நோகுது, இதில தண்ணி ஊத்துங்கோ" என்றாள். நான் ஊற்றினேன்.

பிறகு வைத்தியரிடம் போனேன். முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பில் கிழிவு. ஏப்ரலிலேயே வந்திருந்தால் ஆறு கிழமைப் பயிற்சியோடு போயிருக்கலாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். எனக்கு எட்டு மாதம் எடுத்தது.

நீண்ட நடைக்குப் போக விரும்புகிறவர்களுக்கு நான் போகாதே என்று சொல்லவில்லை. போங்கள். அட்டவணையைப் பாதியாவது செய்யுங்கள், இறங்கிப் பழகுங்கள், வலியைக் குளிசையால் மூடிக்கொண்டு நடக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல், கூட நடக்கிறவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். காலுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. எங்கடை வீடுகளில் நெஞ்சு வலியை வாய்வு என்று சொல்லி மறைத்த தகப்பன்மார் எத்தனை பேர்? மார்பில் கட்டி இருப்பதைப் பிள்ளையின் சோதனை முடியட்டும் என்று வைத்திருந்த தாய்மார் எத்தனை பேர்? வீதியில் நிற்க இடமில்லாத காலத்தில் பழகிய பழக்கம் அது. பிள்ளைகள் அதை வீரமாகப் பார்ப்பதில்லை. தங்களை நம்பவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த நாள் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு இப்போது 76 வயது, தங்கச்சியோடு கனடாவில் இருக்கிறார். நடை பற்றிக் கேட்டார். சொன்னேன். பிறகு நான் கேட்டேன், "அம்மா, அண்டைக்கு வெட்டின கால் இப்பவும் நோகிறதோ?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"ஸ்னோ காலத்தில நோகும்" என்றார். "நீ ஒருநாளும் கேக்கேல்லையே."