பூமிக்கு ஐந்து பாதைகள்!

குழந்தைகளே! நாளைக்கு மழை வருமா என்று வானிலை மையம் சொல்லிவிடும். 2100-ம் ஆண்டில் பூமி எப்படி இருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

முடியாது! ஏனென்றால், அதற்குள் மனிதர்கள் என்னென்ன முடிவு எடுப்பார்கள் என்று எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அதனால் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து, ‘இப்படி நடந்தால் என்ன ஆகும்?’ என்று ஐந்து கதைகள் எழுதினார்கள். கம்ப்யூட்டரில் கணக்கும் போட்டுப் பார்த்தார்கள்.

பசுமைப் பாதை: நாடுகள் ஒத்துழைக்கின்றன. எல்லோருக்கும் கல்வி, சுகாதாரம். சூரிய ஒளி, காற்று மின்சாரம் பெருகுகிறது.

நடுப் பாதை: இதுவரை நடந்தது போலவே மெதுவாக நடக்கிறது.

கரடுமுரடுப் பாதை: நாடுகள் ஒன்றையொன்று நம்புவதில்லை. பள்ளிகளுக்குப் பணம் குறைகிறது.

பிரிந்த பாதை: வசதியானவர்கள் ஒருபுறம், ஏழைகள் மறுபுறம்.

வேகப் பாதை: நிலக்கரியையும் பெட்ரோலையும் எரித்து, உலகம் மளமளவென்று பணம் சேர்க்கிறது.

இவற்றின் முடிவு என்ன? ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பசுமைப் பாதையில் சென்று, புகையையும் சீக்கிரம் குறைத்தால், இந்த நூற்றாண்டின் இறுதியில் பூமியின் வெப்பம் 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.4 டிகிரி செல்சியஸ் கூடியிருக்கும். வேகப் பாதையில் புகையைக் குறைக்காமலே போனால் சுமார் 4.4 டிகிரி!

வித்தியாசம் வெறும் 3 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள். நம் உடம்பில் 3 டிகிரி செல்சியஸ் கூடினால், காய்ச்சல் 104 டிகிரி பாரன்ஹீட்!

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். இந்தக் கணக்கில் உங்கள் பள்ளிக்கூடமும் இருக்கிறது! பெண் பிள்ளைகள் நிறையப் படித்தால் திருமணம் தள்ளிப்போகிறது, குடும்பம் அளவாகிறது. அதனால் 2100-ல் பசுமைப் பாதையில் மக்கள்தொகை சுமார் 700 கோடி. பள்ளிகளைக் கவனிக்காத கரடுமுரடுப் பாதையிலோ 1,200 கோடிக்கும் மேல்! அத்தனை பேருக்கும் சோறும் தண்ணீரும் வேண்டுமே?

ஐந்தில் எதுவும் முடிவாகிவிடவில்லை. எந்தப் பாதை என்பதை இனி எடுக்கப்போகும் முடிவுகள்தான் தீர்மானிக்கும். 2100-ல் உங்களுக்கு 80 வயது தாண்டியிருக்கும். அந்தப் பூமியில் வாழப்போவது நீங்களும் உங்கள் பேரப்பிள்ளைகளும்தான்.

ஆறாவது கதையை நீங்களே எழுதுங்களேன்! 2100-ல் உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும்? ஏரி, தெரு, பள்ளி எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு, அப்படி ஆக வேண்டுமானால் இந்த ஆண்டு என்ன தொடங்க வேண்டும் என்று கீழே ஒரு வரி சேருங்கள். அந்த வரிதான் முக்கியம்!