திரீ நாட் திரீயைப் படிப்பது எப்படி?

 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களிடம் இருந்தவை கிழக்கிந்தியக் கம்பெனியின் மஸ்கெட்டுகள். அக்காலக் கம்பெனித் துப்பாக்கியை அடையாளம் காண விசைத் தகடு ஒன்றே போதும். இதய வடிவ முத்திரை கம்பெனியைக் காட்டும். செய்தவர் பெயரும் அங்கேயே இருக்கும். 1808 முதல் இதயத்தின் இடத்தில் சிங்கம் வந்தது.

நூறாண்டு கழித்து, 1907-ல் வந்த லீ-என்ஃபீல்டு மார்க் 3 ரைஃபிளை அவ்வளவு எளிதில் படித்துவிட முடியாது. நம் காவலர்கள் ‘திரீ நாட் திரீ’ என்று சொல்லும் துப்பாக்கிக் குடும்பம் இதுதான். துப்பாக்கியின் இரும்பு உடலான ‘பாடி’யில் கட்டை வந்து பொருந்தும் பகுதியின் வலப்புறத்தில் கிரீடம், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, மாதிரி எண் ஆகியவை வரிசையாக இருக்கும். கொல்கத்தா அருகேயுள்ள இஷாப்பூர், இங்கிலாந்தின் என்ஃபீல்டு, ஆஸ்திரேலியாவின் லித்கோ எல்லாம் இங்கே பெயர் பதித்தன. விடுதலைக்குப் பின் இஷாப்பூர் ‘ஆர்.எஃப்.ஐ.’ ஆனது, கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது.

ஆனால் அந்த ஆண்டு பாடிக்கு மட்டுமே உரியது. குழல், போல்ட், குறிமுள், மரக்கட்டை எல்லாம் தனித்தனி முத்திரை உடையவை. இரண்டாம் உலகப்போரில் லித்கோவின் துணை ஆலைகளும் உறுப்புகள் செய்தன: ‘ஓ.ஏ.’ என்றால் ஆரஞ்ச் நகரம், ‘பி.ஏ.’ என்றால் பாதர்ஸ்ட். மரக்கட்டையில் ‘ஸ்லாஸ்’ என்றிருந்தால், செய்தது டென்னிஸ் மட்டைக்குப் பேர்போன ஸ்லாசெஞ்சர். படைகள் பழுதுபார்க்கையில் கையிருப்பில் இருந்த உறுப்பை மாட்டியதால், ஒரே ரைஃபிளில் பல ஊர்களின் முத்திரைகள் கலந்திருக்கும்.

முத்திரைக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது வரிசை எண். போல்ட் கைப்பிடியின் பின்புறத்து எண்ணும் பாடியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்க, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் பாடிக்கென்றே பொருத்தினார்கள். மாற்றிப் போட்டால் அந்தப் பொருத்தம் கெடலாம்.

சில எழுத்துகள் உயிர் காப்பவை. ‘டி.பி.’ என்றிருந்தால் பயிற்சிக்கு மட்டும், சுடக் கூடாது. 1960-களில் இஷாப்பூர் செய்த 2ஏ, 2ஏ1 ரைஃபிள்கள் பார்வைக்குப் பழைய திரீ நாட் திரீ போலவே இருக்கும். ஆனால் அவற்றுக்கான தோட்டா வேறு, 7.62 மி.மீ. பாடியில் பொறித்த எழுத்து இரண்டையும் பிரித்துச் சொல்லும்.

அருங்காட்சியகத்துத் துப்பாக்கியில் துருவென்று எண்ணி உப்புத்தாள் போட்டால் இந்தச் சான்றுகள் அழிந்துபோகும். சாய்வாக வெளிச்சம் காட்டினாலே மங்கிய எழுத்து எழும்பித் தெரியும். பாடி, போல்ட், குழல், கட்டை என்று உறுப்பு உறுப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த ஆலையில், எந்த ஆண்டில் செய்தது என்று அதன்பிறகே முடிவுகட்ட வேண்டும்.