தாயகம் திரும்பியோர்

‘தாயகம் திரும்பியோர்’ என்பது தமிழ்நாட்டு அரசாங்க ஏடுகளில் இடம்பெற்ற ஒரு சொற்றொடர். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தங்களின்படி கடல் கடந்து சென்ற இந்திய வம்சாவளித் தமிழரை அது குறித்தது. ஓரிடத்துக்குத் திரும்புவதென்றால் முன்னர் அங்கே இருந்திருத்தல் வேண்டும். இவர்களுள் மிகப் பலரோ இலங்கையிற் பிறந்து, இலங்கையிலேயே கொழுந்தெடுத்து, இராமேசுவரக் கரையை அன்றுதான் முதன்முறையாகக் கண்டவர்கள். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இச்சொல்லைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்ரோபரில் எழுதப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை பிரித்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் தொகை, அந்நாடு ஏற்க இசைந்த தொகையை எட்டவேயில்லை. மக்களின் விருப்பம் எப்பக்கம் நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும், எழுபதுகளில் தோட்டங்களைப் பீடித்த பஞ்சமும் 1977 ஆம் ஆண்டின் வன்செயல்களும் பலரை மூட்டை கட்டச் செய்தன.

மலைநாட்டார் புகைவண்டியைக் ‘கோச்சி’ என்பர். உறவினரைப் பிரித்துத் தலைமன்னாருக்குக் கொண்டு சென்ற வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயராயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாமை அடைந்தனர். அம்முகாமின் பழைய வரலாறு நம்மிற் பலர் அறியாதது. தோட்ட வேலைக்கென இலங்கைக்கு வந்த முன்னோரை, தொற்றுநோய் பரவாதிருக்கத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடமும் அதுவே. பாட்டன் புறப்படக் காத்திருந்த மண்ணிலே பேரன் வந்திறங்கிக் காத்திருந்தான்.

பின்னர் நிகழ்ந்ததே நாம் கருத்தூன்றி நோக்கத் தக்கது. வந்தோரிற் பலருக்குச் சிறு வியாபாரம் செய்யும்படி கடன் வழங்கிச் சமவெளி ஊர்களுக்கு அனுப்பினர். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தும் கவ்வாத்துமே அறிந்தவர் ஒரே நாளிற் கடைக்காரராவது எங்ஙனம்? முதல் கரைந்தது, கடன் எஞ்சியது. இடைத்தரகரிடம் ஏமாந்தோரும் உளர். கொடைக்கானல் மலைக்காடுகளில் மரம் வெட்டச் சென்று கொத்தடிமைகளாய்ச் சிக்கியோரும் உளர். ஊராரோ அவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றனர். இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்!

இத்திட்டத்தின் மற்றொரு குறையை ஆராய்ந்தோர் சிலரே. தோட்டத்துக் குடும்பத்திற்குத் தூணாய் நிற்பது பெண்ணின் உழைப்பு. விடியற்காலையிற் பெரட்டுக் களத்திற்கு வந்து, இடுப்பிற் படங்கு கட்டி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளும் அவள் விரல்களின் வேகம் ஒரு கல்வி. சிறு வயது முதற் பயின்று வந்த கல்வி. சமவெளியில் அதற்கு விலையில்லை. கடனோ குடும்பத் தலைவன் பெயரில் வந்தது. நேற்றுவரை தன் பெயருக்குச் சம்பளம் கண்டவள், இன்று கடைவாசலில் வேலையின்றி நின்றாள்.

ஆகவே அவர்களிற் பலர் அரசாங்கம் காட்டிய ஊரை விட்டு, தாமாகவே நீலகிரிக்கு ஏறினர். குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் தேயிலை இருந்தது, குளிர் இருந்தது, முன்னரே வந்து சேர்ந்த உறவினரும் இருந்தனர். இவர்களுக்கு வேலை தரும் பொருட்டு 1968 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், 1976 இல் தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. அறிமுகமற்ற நாட்டில் அறிமுகமான செடி ஒன்று காத்திருந்ததென்றே சொல்லவேண்டும். சரிவிற் கால் ஊன்றும் விதத்தை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. துயரம் தீர்ந்துவிடவில்லை, ஆனால், மாலையிற் கொழுந்தை நிறுக்கும்போது அவரவர் திறமை மீண்டும் கணக்கில் ஏறியது.

தேயிலையைப் புகழ்வது எமது நோக்கமன்று. இம்மக்களின் வறுமைக்கும் லயத்து வாழ்வுக்கும் வேர் அதுவே. எனினும், ஒரு மனிதன் நாட்டையும் சுற்றத்தையும் இழந்து நிற்கும் வேளையில், அவன் கையறிந்த தொழிலையும் சேர்த்துப் பறிப்பது இரட்டை வறுமை. புனர்வாழ்வுத் திட்டம் வகுத்த அலுவலர்கள், வந்தவருக்கு என்ன கொடுக்கலாம் என்று ஆலோசித்தனரேயன்றி, அவர் எதைக் கொண்டு வந்திருக்கிறார் என்று வினவினரல்லர்.

கப்பற் சேவை 1984 இல் நின்றது. அதன்பின் செல்ல முடியாது இங்கேயே தங்கிவிட்டோருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை அளித்தது. கோச்சியேறிப் போனோரின் பேரப்பிள்ளைகளில் பலர், இன்று கோயம்புத்தூர், திருப்பூர் ஆலைகளை நாடி மலையிறங்குகின்றனர். மலையில் முதியோர் எஞ்சுகின்றனர். தோட்டத்து வீடு வேலைக்கு உரியது. வேலை ஓய்ந்தால் வீட்டையும் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அங்கும் விதி. தலைமன்னாரிற் கப்பலேறிய நாளில் தாயின் கையைப் பிடித்து நின்ற சிறுமி, இன்று பாட்டியாகி, மீண்டும் ஒரு முறை மூட்டை கட்ட வேண்டுமா என்று கேட்கிறாள்.