குருதி உறையா மருந்தும் இரைப்பை அறுவையும்



கையில் ஒரு சிறு கீறல் பட்டால் சில நிமிஷங்களில் குருதி தானே உறைந்து நின்றுவிடுகிறது. உயிரைக் காக்கும் இவ்வியல்பே இரத்தக் குழாய்க்குள் நிகழுமாயின் உயிருக்கு உலை வைத்துவிடும். இருதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றோரும், காலின் உட்குழாய்களில் இரத்தம் கட்டி இன்னலுற்றோரும் உறைவுத் தடுப்பு மருந்தை நெடுங்காலம் உட்கொள்வது இதனாலேயே.

அவற்றுள் நெடுநாள் வழங்கிவருவது வார்பரின். 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள் குருதி பெருகி மாண்டன. விஸ்கான்ஸின் பல்கலைக் கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞரின் குழுவினர் அந்நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வழியில் பிறந்த வார்பரின் 1948-இல் எலி நஞ்சாக வெளிவந்தது. 1954-இல் மனிதருக்கும் மருந்தாயிற்று. நஞ்சையும் மருந்தையும் பிரிப்பது அளவே என்பதை நினைவில் கொள்க.

இம்மருந்தை உண்பவர், மிகுந்த பருமனைக் குறைக்க இரைப்பை அறுவைக்கு உட்படுவதாக வைத்துக்கொள்வோம். இரைப்பையின் பெரும்பகுதியை நீக்குவது ஒரு முறை. மேற்புறத்தில் சிறு பை அமைத்து அதனைச் சிறுகுடலோடு இணைப்பது மற்றொரு முறை. 1966-இல் அயோவா பல்கலைக் கழகத்தில் எட்வர்ட் மேசன் இதனைத் தொடங்கிவைத்தார்.

மருத்துவர் நிலை இங்கு இருதலைக் கொள்ளி எறும்பு போன்றது. மருந்தை நிறுத்தாவிடில் வெட்டி இணைத்த விளிம்பில் குருதி பெருகும். நிறுத்தினாலோ, அறுவைக்குப் பின் அசைவு குறைந்த கால்களில் குருதி உறைந்து, அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். ஆகவே வார்பரினைச் சுமார் 5 நாள் முன்னரே நிறுத்துவர். உறையும் அபாயம் மிக்கவர்க்கு, விரைவில் மறையும் ஹெப்பாரின் ஊசியை இடைக்காலத்தில் அளிப்பர்.

அறுவை நலமாக முடிந்தபின்னும் ஓர் ஆபத்து மறைந்து நிற்கிறது. கல்லீரல் வைட்டமின் கே-யின் துணையால் குருதியை உறைவிக்கும் புரதங்களை ஆக்குகிறது. வார்பரின் அச்செயலைத் தடுக்கிறது. அறுவைக்குப் பின் நோயாளி கீரை முதலியவற்றை மிகச் சிறிதே உண்பதால் அவ்வைட்டமின் குறைகிறது. எனவே முன்பு பொருத்தமாயிருந்த அதே மாத்திரை இப்போது மிகையாகி, குருதிப் பெருக்கை விளைவிக்கலாம். உணவு பெருகும்போது மருந்தின் தேவையும் மீண்டும் உயரலாம். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையை முதல் வாரங்களில் அடிக்கடி செய்தல் இன்றியமையாதது. அந்த எண் பலருக்கு 2 முதல் 3-க்குள் இருத்தல் வேண்டும்.

ரிவரோக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இத்தகைய சோதனை வழக்கமாகத் தேவையில்லை. ஆயினும் அது பெரும்பாலும் இரைப்பையில் உறிஞ்சப்படுவது; உயர்ந்த அளவுகளை உணவோடு உட்கொள்ளவும் வேண்டும். இரைப்பையும் உணவும் சுருங்கியபின் போதிய மருந்து குருதியைச் சேராமற் போகலாம். விளைவை அளந்தறிய இயலுவதால், தொடக்கத்தில் வார்பரினையே விரும்பும் மருத்துவர் பலர். ஆஸ்பிரின், இபுபுரோபென் போன்ற வலி மாத்திரைகள் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கக்கூடும். அப்புண்ணிலிருந்து பெருகும் குருதி எளிதில் நிற்காது.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோர் எவரேனும் இந்நிலையில் இருப்பின், மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ விடாதீர்கள். மலம் கருத்தாலும், ஒரு கால் மட்டும் வீங்கினாலும், திடீரென மூச்சுத் திணறினாலும் விடியட்டும் எனக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.