பெருகும் குடும்பமும் பொதுச்சுவர் வீடும்

ஒக்கூர் போன்ற நகரத்தார் ஊர்களுக்குச் செல்வோர், பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் கண்டு வியந்து திரும்புவது வழக்கம். ஆனால் அவ்வீடுகளிடம் நாம் கற்க வேண்டியது செல்வச் செழிப்பை அன்று; பெருகிவரும் குடும்பத்தை ஒரே கூரையின்கீழ் மனத்தாங்கலின்றி வைத்துக்கொள்ள அம்முன்னோர் கண்ட வழியையே.

முகப்பைக் கடந்தால் வளவு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சுற்றிப் பத்தி. பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். மகனுக்குத் திருமணமானதும் அவனுக்கென அறை ஒதுக்கப்படும். பின்னர் ‘வேறு வைத்தல்’ என்னும் முறைப்படி, பாத்திரம் பண்டங்களும் செலவுக்குரிய பொருளும் தந்து, அதே வீட்டில் தனியடுப்பு மூட்டச் செய்வர். அடுப்பு தனி, கணக்கு தனி. முற்றமும் வாசலும் பொது. மாளிகையின் பரப்போடு ஒப்பிட்டால் அவ்வறைகள் சிறியவையே. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவும் பூட்டும் உண்டு.

நம் பங்குக் குடும்பங்களில் பலவற்றுக்கு வளவு ஏது? இருபுறமும் அண்டை வீட்டாரோடு பொதுச்சுவர், முன்னே தெரு, பின்னே சிறு கொல்லை. இடையில் இரண்டு அறைகளும் ஒரு சமையற்கட்டும். அதற்குள் தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள், புதிதாக வந்த மருமகள். வயதுவந்த மகள் உடைமாற்ற ஒரு கதவு இல்லை. மாமியார் மருமகள் குணக்குறை என்று நாம் பேசுவதில் பாதி, உண்மையில் இடக்குறையே. உறுப்பினரின் எண்ணிக்கைக்கு ஏற்ற தகுதியான வீடு குடும்பத்தின் உரிமை என்று, திருப்பீடம் 1983ஆம் ஆண்டில் வெளியிட்ட குடும்ப உரிமைகள் சாசனத்தின் 11ஆம் பிரிவு கூறுவது வெறும் ஏட்டுச் சொல்லன்று.

இடம் போதவில்லை என்றவுடன் பலரும் கொல்லையை மூடி ஓர் அறை எழுப்பிவிடுகின்றனர். பக்கச் சுவர்களில் சன்னல் வைக்க வழியில்லாத வீட்டில் காற்றும் வெளிச்சமும் முன்னும் பின்னும் மேலுமிருந்தே வரவேண்டும். பின்புறத்தை அடைத்தால் நடு அறை பகலிலும் இருண்டு, சமையற் புகை வீட்டுக்குள்ளேயே சுழலும். ஆகவே புதிய அறைக்கும் பழைய அறைக்கும் இடையே நான்கடிச் சதுரமேனும் வானத்துக்கு விட்டு, மேலே கம்பி வலை போட்டு, மழைநீர் வடிய வழி செய்யுங்கள். அதுவே உங்கள் முற்றம். அந்த நான்கடியை வீண் என்று சொல்லும் கொத்தனார் இருப்பார். அவர் அவ்வீட்டில் குடியிருக்கப் போவதில்லை.

மாடி எடுக்க எண்ணுவோர் முதலில் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர்மீது மாடியை ஏற்றுதல் ஆபத்து. மூலையில் ஒரு குழி தோண்டி, அடித்தளத்தின் ஆழத்தையும் அகலத்தையும் பொறியாளர் ஒருவரைக் கொண்டு சோதித்த பின்னரே முடிவுசெய்க. தாங்காதெனில் நம் மனைக்குள்ளேயே தனித் தூண்கள் எழுப்பலாம். பொதுச்சுவரைக் குடைந்து உத்திரம் செருகலாகாது. அண்டை வீட்டாரோடு முன்பே பேசி, இசைந்ததைத் தாளில் எழுதிக்கொள்வது பிற்கால வழக்கைத் தவிர்க்கும்.

மாடிச் சுவருக்குக் கனம் குறைய வேண்டும். பர்மிங்காமில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் பரப்பிய ‘எலிப்பொறிக் கட்டு’ இதற்கு உதவும். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை இது. செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். வெப்பமும் எளிதில் உட்புகாது. பழைய கதவு நிலைகளையும் சன்னல்களையும் விறகுக்கு விற்றுவிடாமல் மாடிக்கே பயன்படுத்துங்கள்.

படிக்கட்டைக் கூடத்தின் நடுவே வைக்காமல், இடமிருந்தால் வாசற்புறமாக அமைப்பது நன்று. மணமான மகன் மேலே தனியடுப்பு வைக்க நேர்ந்தால் எவர் உறக்கத்தையும் கலைக்காமல் வந்துபோகலாம். முதியோரைக் கீழேயே, கழிப்பறைக்கு அருகில் வையுங்கள்.

கையிருப்பு முழு வேலைக்கும் போதாதெனில் கந்துவட்டிக்கு ஓடவேண்டாம். கழிப்பறையையும், மகளின் அறைக்குக் கதவையும், வெளிச்சக் கூண்டையும் இவ்வாண்டு முடிக்கலாம், மாடி காத்திருக்கும். வீடு மந்திரிக்கும் நாளில் பந்தலுக்கும் பிரியாணிக்கும் ஆகும் செலவில் இரண்டு நல்ல சன்னல்கள் வைக்கலாம் என்பதைச் சொன்னால் சிலர் வருந்தக்கூடும். பங்குத்தந்தை வருந்தமாட்டார்.