தக்காளிச் சாறும் தவிக்கும் நாயும்

நாய் வளர்ப்பவர்களுக்குக் கவலைகள் பலவிதம். உண்ணிக் கவலை, சொறிக் கவலை, அண்டை வீட்டுக்காரரின் கோபத்தைப் பற்றிய கவலை என்று அவை வரிசையாக நிற்கும். வட அமெரிக்காவில் நாய் வளர்ப்பவர்களுக்கோ, நம் நாட்டில் யாரும் அறியாத கவலை ஒன்று கூடுதலாக இருக்கிறது. அந்தக் கவலையின் பெயர் 'ஸ்கங்க்'.

டொராண்டோ நகருக்கு அருகே குடியேறி வாழும் நமது நண்பர் ஒருவர், சென்ற மார்கழியில் சங்கீதக் கச்சேரிகள் கேட்பதற்காகச் சென்னைக்கு வந்திருந்தார். கச்சேரிகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். தம் வீட்டு நாய் கறுப்பனைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். கேட்டு முடித்தபோது, இதை நேயர்களுக்குச் சொல்லாமலிருப்பது தர்மமல்ல என்று நமக்குத் தோன்றிவிட்டது. ஏனெனில், இது ஒரு நாயின் கதை மட்டுமல்ல. நமது மூக்கு நம்மை எப்படி ஏமாற்றுகிறது என்பதன் கதையும் ஆகும்.

அக்டோபர் மாதத்து இரவு, மணி ஒன்பது இருக்கும். கறுப்பனைக் கொல்லைப்புறத்தில் அவிழ்த்து விட்டிருந்தார்கள். வேலியோரத்தில் பூனையளவில் ஒரு பிராணி எதையோ தோண்டிக் கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, உச்சந்தலையிலிருந்து முதுகு வழியாக வால் வரையில் வெள்ளைக் கோடு. கறுப்பன் குரைத்துக் கொண்டு பாய்ந்தான். அடுத்த கணம் பரிதாபமாக ஊளையிட்டுக் கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்து, கூடத்து ஜமக்காளத்தில் முகத்தைத் தேய்த்துக் கொண்டு புரள ஆரம்பித்தான்.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நண்பரின் தாயார் அறைக்குள்ளிருந்து, "ஏண்டா, அடுப்பைச் சரியாக மூடினாயா, பார்! காஸ் ஒழுகுகிறதே!" என்று கூவினார். அடுப்பு சரியாகத்தான் மூடியிருந்தது. ஆயினும் அந்த அம்மாள் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

அழுகிய வெங்காயம், எரியும் ரப்பர், பூண்டு இவையெல்லாம் ஒன்றுகூடி மகாநாடு நடத்தினால் எப்படியிருக்கும்? அந்த நாற்றம் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்தது. தாயார் சாம்பிராணி போட்டார். அதனால் சாம்பிராணி வாசனையுடன் கூடிய நாற்றம் உண்டாயிற்று. அண்டை வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்றபடி, "தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டுங்கள்" என்று யோசனை கூறினார். கடையிலிருந்து எட்டு டப்பா தக்காளிச் சாறு வந்தது. கறுப்பன் தலை முதல் வால் வரையில் சிவப்பானான். ஸ்நான அறையும், நண்பரின் வேஷ்டியுங்கூடச் சிவப்பாயின. ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் முகர்ந்து பார்த்து, "முக்கால்வாசி போய்விட்டது!" என்று திருப்தியடைந்தார்கள்.

நள்ளிரவில் நண்பரின் மூத்த பெண் கலாசாலையிலிருந்து திரும்பி வந்தாள். கதவைத் திறந்தவள் இரண்டடி பின்னால் நகர்ந்து, "அப்பா! என்ன இது? தெருக்கோடி வரையில் நாறுகிறதே!" என்று கேட்டாள். முக்கால்வாசி போனது நாற்றமல்ல என்பதும், முகர்ந்தவர்களின் மூக்குதான் என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

இனி வேறு வழியில்லை என்று நண்பர் கறுப்பனை மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் கட்டிப் போட்டார். வெளியே குளிர். எட்டு வயதுப் பையன் தானும் அங்கேயே படுத்துக் கொள்வதாகச் சொல்லி அழுதான். நாயோ, தான் செய்த குற்றம் என்ன என்று புரியாமல், சிவந்த கண்களுடன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக் கொண்டிருந்தது.

அந்த ஸ்கங்கைப் பற்றிச் சற்றுத் தெரிந்து கொண்டால், அதன்மேல் கோபம் கொள்ள நமக்கு மனம் வராது. அது பூச்சி புழுக்களையும், எலிகளையும், பழங்களையும் தின்று, இருட்டில் தன்பாட்டில் திரியும் சாதுவான பிராணி. வேகமாக ஓடத் தெரியாது. மரமேறுவதிலும் சமர்த்துப் போதாது. ஆகவே இயற்கை அதன் வாலடியில் இரண்டு சுரப்பிகளை வைத்து, "இவை உனக்குத் துணை" என்று அனுப்பியிருக்கிறது. அவற்றிலுள்ள எண்ணெய் போன்ற திரவத்தைச் சுமார் பத்தடி தூரம் வரையில் குறி தவறாமல் பீச்சியடிக்கும். ஆனால், எடுத்த எடுப்பில் அவ்விதம் செய்வதில்லை. முன்னங்கால்களைத் தரையில் தட்டும், சீறும், வாலை உயர்த்தும். கையிருப்புத் தீர்ந்துவிட்டால் மறுபடி நிரம்பச் சில நாட்கள் ஆகுமாதலால், அது ரொம்பவும் சிக்கனக்காரப் பிராணி. இந்த எச்சரிக்கையெல்லாம் நரிக்கும் ஓநாய்க்கும் புரிகிறது. வீட்டு நாய்க்கு மட்டும் புரிவதில்லை.

சாஸ்திரிகள் இதற்கு 'மெஃபிடிஸ் மெஃபிடிஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். லத்தீன் மொழியில் அச்சொல்லுக்குத் துர்நாற்றம் என்று பொருள். ஒரு தடவை சொன்னால் போதாதென்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்கள்! விவேகானந்தர் 1893-ல் முழங்கிய சிக்காகோ நகரின் பெயரும் அப்பகுதிப் பூர்வகுடிகளின் சொல் ஒன்றிலிருந்தே வந்தது. அவர்கள் மொழியில் அது காட்டில் முளைக்கும் ஒருவகை வெங்காயப் பூண்டையும் குறிக்கும், ஸ்கங்கையும் குறிக்கும். அந்த மக்களின் மூக்கு எவ்வளவு நுட்பமானது என்பதைப் பிற்காலத்து ரஸாயன சாஸ்திரம் நிரூபித்தது. வெங்காயத்தின் நெடி, பூண்டின் நெடி, ஸ்கங்கின் நாற்றம் ஆகிய மூன்றுக்கும் மூலகாரணம் கந்தகந்தான்.

ஆல்ட்ரிச் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1896-லேயே இந்தத் திரவத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். பின்னர் 1990-ல், கலிபோர்னியாவிலுள்ள ஹம்போல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் வுட் என்பவர் அதில் முக்கியமான பொருள்கள் ஏழு என்று பிரித்துக் காட்டினார். அவற்றில் மூன்று, 'மெர்காப்டன்' என்ற இனத்தைச் சேர்ந்தவை. கந்தகமும் ஹைட்ரஜனும் கைகோத்து நிற்கும் பொருள்கள் இவை. காற்றில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மனித மூக்கு இவற்றைக் கண்டுபிடித்துவிடும். வேறு மூன்று பொருள்கள், முதல் மூன்றின் மாறுவேஷம் என்று சொல்லலாம். அவற்றுக்கு ஆரம்பத்தில் நாற்றம் அதிகமில்லை. ஈரம் பட்டால் மெதுவாக வேஷத்தைக் கலைத்துவிட்டு நாற்றமுள்ளவையாக மாறும். சரியாகச் சுத்தம் செய்யப்படாத நாய், மழையில் நனைந்ததும் பல நாள் கழித்து மறுபடி நாறுவதன் இரகசியம் இதுதான்.

அப்படியானால் தக்காளிச் சாறு என்ன செய்கிறது? கந்தகத்தை அது ஒன்றும் செய்வதில்லை. பூக்கடையில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவருக்கு மல்லிகையின் மணம் தெரிவதில்லை அல்லவா? ஒரே வாசனையை இடைவிடாமல் முகரும் மூக்கு களைத்துப் போய், அதை விட்டுவிட்டு வேறு வாசனைக்குக் காது கொடுக்கிறது. (மூக்குக்குக் காது ஏது என்று நேயர்கள் கேட்க வேண்டாம்.) அந்தச் சமயத்தில் தக்காளி மணம் புதிதாக வருகிறது, நாற்றம் ஒழிந்தது என்று நினைத்துக் கொள்கிறோம். வெளியிலிருந்து ஒருவர் வரும் வரையில் அந்த நினைப்பு நீடிக்கும்.

நாற்றத்தை மூடி மறைப்பதற்குப் பதிலாக, நாறும் பொருளையே வேறொரு பொருளாக மாற்றிவிட வேண்டும். இதற்கு வழி கண்டவர் இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பால் கிரேபாம் என்ற ரஸாயன நிபுணர். அவர் தமது ஆராய்ச்சியில் உண்டாகும் கந்தக வாயுவின் நாற்றத்தைப் போக்க, ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் காரப்பொருளுடன் சேர்த்து உபயோகித்து வந்தார். உடன் வேலை செய்தவர் ஒருவரின் பூனைமீது ஸ்கங்க் பீச்சியடித்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், அதே முறையைப் பிராணிகளின் தோலுக்குத் தக்கபடி மென்மையாக்கிச் சொல்லிக் கொடுத்தார். பூனை பிழைத்தது, பூனைக்காரரும் பிழைத்தார். 1993-ல் அம்முறை ஒரு ரஸாயனப் பத்திரிகையில் வெளியாகி, அமெரிக்கா முழுவதும் பரவியது.

மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவிகித ஹைட்ரஜன் பெராக்ஸைடு சுமார் 1 லிட்டர். ஆப்ப சோடா கால் கப். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு 1 டீஸ்பூன். இவ்வளவுதான் மருந்து. 3 சதவிகிதத்துக்கு மேற்பட்ட பெராக்ஸைடு தோலைப் புண்ணாக்கும். அதைத் தொடக் கூடாது. ஆப்ப சோடாவுக்குப் பதில் சலவைச் சோடாவைப் போடுவதும் பெருந்தவறு.

இம்மூன்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்தால் நுரைத்துக் கொண்டு வரும். சோப்பு, மயிரில் ஒட்டியுள்ள எண்ணெயைக் கரைத்து விடுவிக்கிறது. பெராக்ஸைடு தன்னிடமுள்ள பிராணவாயுவைக் கந்தகத்துக்குத் தானம் செய்கிறது. ஆப்ப சோடா அந்தத் தானத்தை விரைவுபடுத்துகிறது. பிராணவாயுவைப் பெற்ற கந்தகப் பொருள் நாற்றத்தை இழந்து, தண்ணீரில் கரையும் உப்பாக மாறி, கழுவிய ஜலத்தோடு போய்விடுகிறது.

செய்யும் முறையிலும் கவனம் வேண்டும். நாயை வீட்டுக்குள் விடாமல் வெளியிலேயே நிறுத்திக் கொள்ள வேண்டும். முதற் காரியம் கண்களைப் பார்ப்பது. கண் சிவந்திருந்தால் சுத்தமான தண்ணீரால் கண்ணை மட்டும் நன்றாக அலம்ப வேண்டும். உடம்பில் முதலிலேயே தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. கையுறை அணிந்து, கலவையை உலர்ந்த மயிரிலேயே தோல் வரையில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரால் அலச வேண்டும். முகத்துக்குத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். கண்ணிலோ வாயிலோ படலாகாது. நாற்றம் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை புதிதாகக் கலந்து செய்யலாம்.

மிச்சமான கலவையைப் புட்டியில் ஊற்றி மூடி வைக்கும் சிக்கன புத்தி மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து பிராணவாயு ஓயாமல் வெளிப்பட்டுக் கொண்டேயிருக்கும், புட்டி வெடித்துவிடும். இதை எந்தக் கம்பெனியும் புட்டியில் அடைத்து விற்க முடியாததற்கும் காரணம் இதுவே. தேவைப்படும் வேளையில் வீட்டிலுள்ளவர்கள் தங்கள் கையாலேயே கலந்து கொள்ள வேண்டிய மருந்து இது.

நாற்றத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வெறிநோயைச் சுமந்து திரியும் காட்டுப் பிராணிகளில் ஸ்கங்கும் ஒன்று. நாயின் உடம்பில் கடிபட்ட காயம் இருந்தால், குளிப்பாட்டியதோடு திருப்தியடையாமல் உடனே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். அபூர்வமாகச் சில நாய்களுக்கு இத்திரவத்தால் இரத்தம் கெட்டுச் சோகை உண்டாவதும் உண்டு. ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுத்தால் தாமதிக்கலாகாது.

நண்பரின் தாயார் "காஸ் ஒழுகுகிறது" என்று கூவினாரே, அதற்கு வருவோம். அடுப்புக்கு வரும் வாயுவுக்கு இயற்கையில் நாற்றம் கிடையாது. 1937-ம் வருஷம் மார்ச் 18-ந் தேதி, டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரிலிருந்த பள்ளிக்கூடத்தில் வாயு ஒழுகிச் சேர்ந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு பொறி பட்டதும் கட்டடம் வெடித்துச் சிதறி, குழந்தைகளும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றப் பொருளைக் கலக்க வேண்டுமென்று அங்கே சட்டம் பிறந்தது. நம் வீட்டு ஸிலிண்டரில் கலப்பதும் மெர்காப்டன் இனத்துப் பொருளே. ஸ்கங்கின் ஆயுதமும், நம் சமையலறையின் காவலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கும்பகோணத்து மூக்கு தவறு செய்யவில்லை!

மறுநாள் காலையில் நண்பரின் பெண் மருந்துக் கடைக்குப் போய் வந்தாள். கொல்லையிலேயே கறுப்பனுக்கு மங்கள ஸ்நானம் நடந்தது. பாட்டியம்மாள் அருகில் வந்து முகர்ந்து பார்த்தார். இம்முறை வீட்டார் மூக்கை நம்பாமல், அண்டை வீட்டுக்காரரையும் அழைத்து முகரச் சொன்னார்கள். அவர் வேலியைத் தாண்டி வந்து நாயைத் தடவிக் கொடுத்தார். அதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

பெராக்ஸைடு மயிரைச் சற்று வெளுக்கச் செய்யுமாதலால், கறுப்பனின் கழுத்தோரம் இப்போது லேசான பழுப்பு நிறமாகியிருக்கிறதாம். பையன் அதை ஒரு பதக்கம் என்று சொல்லிக் கொள்கிறான். அன்றிரவு முதல் கறுப்பன் பழையபடி அவனுடைய கட்டிலடியில்தான் படுத்துறங்குகிறான். கொல்லைக் கதவைத் திறக்குமுன் விளக்கைப் போட்டு, வேலியோரத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்க்கும் வழக்கம் மட்டும் அந்த வீட்டில் புதிதாக ஏற்பட்டிருக்கிறது.